கட்டணம் கட்டியவர் யாரென்று கத்திக்குத் தெரியக் கூடாது

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. போன நூற்றாண்டின் முதல் பாதியில் பிளேக் மறுபடி மறுபடி இந்த ஊரைத் தாக்கியது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தாலே சனம் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஊரைக் காலி செய்தது. தோட்டங்காட்டில் சாளை போட்டுக் காத்துக் கிடந்தது. நோய் ஓய்ந்து திரும்பியவர்கள் அந்த நோயின் பெயரையே ஆத்தாளுக்கு வைத்துக் கும்பிட்டார்கள். கையில் மருந்தில்லாத காலத்தில் அவர்களால் முடிந்தது அது. அதே கும்பிடுதான் பிறகு ஆஸ்பத்திரி கட்டவும் கிளம்பியது.

பக்தி சேவையாக மாறுவதைக் காரமடையில் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. மாசி மகத் தேருக்கு அரங்கநாதர் கோயிலில் பந்தம் ஏந்தி வருகிறவர்களையும், தோல்பையில் தண்ணீர் சுமந்து வருகிறவர்களையும் பார்த்து வளர்ந்த ஊர் இது. இந்த வட்டாரத்துச் சுவர்களில் திருவிழா போஸ்டருக்குப் பக்கத்திலேயே இலவசக் கண் சிகிச்சை முகாம் போஸ்டரும் ஒட்டியிருக்கும். கறிவேப்பிலைக் காட்டிலும் வாழைத் தோப்பிலும் வெயிலில் காய்ந்த கண்களோடு முகாமுக்கு வருகிற அப்புச்சிகளும் ஆத்தாக்களும், அங்கே வந்து நிற்கும் பஸ் எந்த மதத்தார் அனுப்பியது என்று விசாரிப்பதில்லை. சாப்பாடு உண்டா, எத்தனை நாள் தங்க வேண்டும், கண் தெரியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி.

அந்த பஸ்ஸை அனுப்பும் ஆஸ்பத்திரிகளுக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது.

1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஜான் ஸ்கடர் என்ற மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அமெரிக்க மிஷன் அனுப்பிய முதல் மருத்துவர் அவர்தான். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக ஆர்க்காடு, வேலூர்ப் பக்கம் ஊழியம் செய்தார்கள். அவருக்குப் பின் 1840-களின் இறுதியில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தியதோடு நிற்கவில்லை. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே மருத்துவராக இருக்க வேண்டும், வேற்று மொழி படித்து வேற்றிடம் போய்விடக் கூடாது என்பது அவர் எண்ணம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கடந்தும் தமிழில் மருத்துவப் படிப்பு வருமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் அதைச் செய்தே காட்டிவிட்டுப் போனார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஜான் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, அவர் வாசலுக்கு வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் தந்தை மருத்துவர். அவரை அழைத்துப் போகச் சொன்னால் மூவரும் மறுத்தார்கள். அந்நிய ஆண் தொடக் கூடாது. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மதம் வேறு, சாதி வேறு, ஆனால் கட்டுப்பாடு ஒன்றே. அந்தப் பெண்களின் பெயர் நமக்குத் தெரியாது. வேலூரின் சி.எம்.சி. ஆஸ்பத்திரி அவர்களுடைய சாவிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஐடா அமெரிக்கா திரும்பி கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கினார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பித்தார். 1902-ல் நாற்பது படுக்கையுடன் ஆஸ்பத்திரி எழுந்தது. ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலர் அதற்கு உதவியது. மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1909-ல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. படிக்கப் பெண்கள் வரமாட்டார்கள் என்று அரசு மருத்துவ அதிகாரிகள் நினைத்தார்கள். இடத்தைவிடப் பல மடங்கு விண்ணப்பம் வந்தது. 1922-ல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் தேறி வெளியே வந்தார்கள்.

செவிலியர் பயிற்சி பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அன்றைக்கு அடுத்தவர் ரத்தத்தையும் மலசலத்தையும் தொட்டுத் துடைக்கும் வேலைக்குச் 'சாதிவீட்டுப் பெண்'ணை எந்தக் குடும்பமும் அனுப்பவில்லை. தேவாலயங்களைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துப் பெண்கள்தான் வந்தார்கள். பல பத்தாண்டுகள் இந்தியாவின் செவிலியர்களில் பெரும்பாலோர் அவர்களே. எல்லாச் சாதியார் உடம்பையும் ஒரே கையால் துடைத்த அந்தப் பெண்களுக்கு எங்கும் சிலை கிடையாது. டாக்டர்களைப் பற்றி எழுதும் வரலாறு அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையும் அவர்களுக்கு ஒரு பத்திதான் தருகிறது. அவர்களுக்குத் தனிப் புத்தகமே எழுத வேண்டும்.

மிஷன் ஆஸ்பத்திரிகள் ஒரு வலையாக இணைந்தது எப்படி? சி.எம்.சி.யின் மருத்துவப் படிப்பில் பல இடங்களுக்கு மாணவர்களைத் திருச்சபைகள் பரிந்துரைக்கும். படிப்புச் செலவு மிகக் குறைவு. பதிலுக்கு, படித்து முடித்தவர் தன்னைப் பரிந்துரைத்த சபையின் ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் கிராமத்தில், இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும். சத்தீஸ்கர் காட்டிலும் வடகிழக்கு மலையிலும் உள்ள சில ஆஸ்பத்திரிகளில் டாக்டர் இருப்பது இந்த ஒப்பந்தத்தால்தான். இரண்டு ஆண்டுக்குப் போனவர்களில் சிலர் இருபது ஆண்டு தங்கிவிட்டார்கள்.

இந்த முறைக்குச் சோதனை 2017-ல் வந்தது. நீட் தரவரிசைப்படி மட்டுமே சேர்க்க வேண்டும் என்றபோது, கிராமத்துக்குப் போகும் மனம் உள்ளவரா என்று நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று சி.எம்.சி. பிடிவாதம் பிடித்தது. அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் சேர்த்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தேர்வில் நியாயம் வேண்டும் என்ற நீதிமன்றத்தின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் பத்தாண்டு இருக்கப் போகிறவர் யார் என்று மதிப்பெண் பட்டியலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கத்தோலிக்கர் பக்கம் கதை வேறு. ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-ல் குண்டூர் வந்து கன்னியாஸ்திரீ ஆனார். துறவறம் பூண்ட பெண் மருத்துவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அப்போது அனுமதிக்கவில்லை; அவருக்கென்று ரோமிலிருந்து தனி அனுமதி வந்தது. 1943-ல் அவர் தொடங்கிய கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் உறுப்பாக இருக்கின்றன. நம் ஊர்களில் 'சிஸ்டர் ஆஸ்பத்திரி' என்று சொல்கிறோமே, அவற்றில் பல இந்தக் குடையின் கீழ் வருபவை.

கொங்கு நாட்டில் லண்டன் மிஷன் 1830-லேயே கோயம்புத்தூர் வந்துவிட்டது. ஈரோட்டில் அது விட்டுச் சென்ற ஆஸ்பத்திரி இன்று சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. பழநிக்கு நடந்து போகிறவர்களுக்கும், காய்கறி லோடு ஏற்றுகிறவர்களுக்கும் தெரிந்த ஒட்டன்சத்திரத்தில் 1955-ல் டாக்டர் ஏ.கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் உள்ளிட்ட சிறு குழு கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரியைத் தொடங்கியது. வெளிநாட்டு மிஷனின் கிளையாக இல்லாமல், இந்தியக் கிறிஸ்தவர்கள் தாங்களே நடத்த வேண்டும் என்று புறப்பட்டவர்கள் அவர்கள். திருப்பத்தூரில் 1921-ல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரர் ஃபாரஸ்டர் பேட்டனும் கதர் உடுத்தி நடத்திய கிறிஸ்துகுல ஆசிரமம் இந்தப் பாதைக்கு முன்னோடி. ஜேக்கப் செரியன் பிறகு அம்பிளிக்கையில் தனியே ஒரு நிலையம் அமைத்தார். தாராபுரம், பழநிப் பக்கத்துக் குடியானவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரிகளில் மதம் ஒரு தடையாக இருந்ததில்லை.

இருந்தாலும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரிகளில் மருந்தோடு பிரசங்கமும் இருந்தது. மதம் மாற்றும் நோக்கம் பலருக்கு வெளிப்படையாகவே இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. அதன்மேல் எழுந்த கோபமும் உண்மை. அந்தக் கோபத்தின் நல்ல விளைவு, மற்ற மதத்தாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பது. 1897-ல் விவேகானந்தர் ராமகிருஷ்ணா மிஷனை நிறுவியபோது நோயாளிக்குப் பணிவிடை செய்வதே பூசை என்று வகுத்தார். அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கி, இன்று நம் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயம் அந்த வழியில் வந்தது. விபத்து நடந்தால் ஓடிவரும் ஆம்புலன்ஸ்களில் எத்தனை முஸ்லிம் அமைப்புகளுடையவை என்பதும், கொரோனா காலத்தில் சொந்தங்களே தொடத் தயங்கிய உடல்களை அவரவர் முறைப்படி அடக்கம் செய்தவர்கள் யார் என்பதும் தமிழ்நாட்டுக்குத் தெரியும்.

இப்போது கோயம்புத்தூருக்கு வருவோம்.

1977. டாக்டர் ஆர்.வி. ரமணியும் அவர் மனைவி டாக்டர் ராதாவும் நகரத்தில் தொழில் நடத்திவந்த மருத்துவர்கள். காஞ்சி ஜெயேந்திரர் சொன்னதை ஏற்று, காமாட்சி அம்மன் கோயில் வளாகத்தில் ஏழைகளுக்கென்று ஒரு சிறு மருத்துவ நிலையம் ஆரம்பித்தார்கள். மற்ற டாக்டர்களிடம் அவர்கள் கேட்டது பணம் இல்லை; தினம் சிறிது நேரம். ஒருவர் இருவராகச் சேர்ந்து அது பல பத்துப் பேர் ஆனது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது, பார்வை போய்ச் சுவரைத் தடவி வருகிற முதியவர்கள் கண்ணில் பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சின்ன அறுவை போதும், செய்யத்தான் ஆளில்லை. 1985-ல் சிவானந்தபுரத்தில் சங்கரா கண் மருத்துவமனை எழுந்தது.

அங்கிருந்து அது குண்டூர், பெங்களூரு, ஷிமோகா, ஆனந்த், லூதியானா, கான்பூர், ஜெய்ப்பூர், இந்தூர், ஹைதராபாத் என்று விரிந்தது. 2024 அக்டோபரில் வாராணசி மருத்துவமனையைப் பிரதமர் திறந்துவைத்தார். கோயம்புத்தூர்க் கோயில் ஒன்றில் முளைத்த காரியம் காசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் ரமணிக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்த அமைப்பின் அடிப்படை ஒரு கணக்கு. நூறு அறுவையில் எண்பது இலவசம். இருபது பேர் கட்டும் கட்டணம் அந்த எண்பதைத் தாங்க வேண்டும். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் திரட்டி அனுப்பிய பணம் புதிய கட்டடங்களுக்கு உதவியது. ஆனால் அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பாமல் நிற்க வேண்டும் என்பதுதான் திட்டம். அரசின் பங்கையும் மறைக்கக் கூடாது. 1976-ல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் வந்தது. தொண்டு நிறுவனங்கள் செய்யும் ஒவ்வொரு இலவச அறுவைக்கும் அதன் வழியாக ஒரு தொகை கிடைக்கிறது. பக்தி, பணக்கார நோயாளி, வரிப்பணம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு ஆத்தாளின் கண்ணைத் திறக்கின்றன.

இந்தக் கணக்கில் இன்னொரு பெரிய வலை மதுரையில் பிறந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி எட்டயபுரம் அருகே வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, கண் அறுவை வல்லுநர் ஆனவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் பதினொரு படுக்கையுடன் ஒரு வீட்டில் ஆரம்பித்தார். ஆறு இலவசத்துக்கு, ஐந்து கட்டணத்துக்கு. அரவிந்தரும் அன்னையும் அவருக்குக் குரு. ஆஸ்பத்திரிக்கு அரவிந்தர் பெயரையே வைத்தார். அவினாசி சாலையில் இருக்கும் அரவிந்த் 1997-ல் வந்தது.

அரவிந்தின் பெரிய கொடை 1992-ல் வந்த ஆரோலேப். அதற்கு முன் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஏழைக்கு எட்டாத விலை. அதனால் இலவச முகாமில் கண்புரையை மட்டும் எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தால் பழையபடி குருடு. காசுள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குப் புட்டி என்ற பாகுபாட்டை வெங்கடசாமியால் சகிக்க முடியவில்லை. மதுரையிலேயே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. உலகத்தின் பல ஏழை நாடுகளுக்கு இன்று அந்த லென்ஸ் போகிறது. 'தருமம்' என்றால் மட்டமான சரக்கு என்ற பழக்கத்தை உடைத்தது அந்தத் தொழிற்கூடம்.

முகாம் நடக்கும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ காலையில் வரிசை. கிராமத்துப் பெண்களாக வந்து பயிற்சி பெற்ற ஊழியர்கள் பார்வையை அளப்பார்கள். பிரஷர், சர்க்கரை, கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கிறதா என்ற சோதனை. டாக்டர் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். லென்ஸின் பவர் ஒவ்வொரு கண்ணுக்கும் தனியே அளந்து முடிவாகும். அறுவைக் கூடத்தில் டாக்டருக்கு அருகருகே இரண்டு மேசை. ஒன்றில் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயார். ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக ஊர் திரும்பிவிடலாம். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. கட்டணம் கட்டியவருக்கு ஏசி அறை உண்டு, தனிக் கட்டில் உண்டு. இலவசத்துக்கு வந்தவருக்குப் பொது வார்டு, பாய். ஆனால் கத்தி பிடிக்கும் டாக்டர் ஒருவர்தான். வித்தியாசம் கட்டிலோடு நிற்க வேண்டும், கண்ணுக்குள் போகக் கூடாது. மதத்தின் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருக்கும் எந்த ஆஸ்பத்திரியையும் நான் அளக்கும் கோல் இது ஒன்றுதான்.

இந்தக் கோலைக் கொண்டு இன்றைய கோயம்புத்தூரை அளந்தால் மனம் கனக்கிறது. வாசலில் பிள்ளையாரோ சிலுவையோ இருக்கும். உள்ளே முன்பணம் கட்டாமல் படுக்கை கிடைக்காது. அறக்கட்டளை என்று பெயர், நடப்பது வியாபாரம். எல்லா இடமும் அப்படி இல்லை, ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் பெருகிவருகின்றன. இன்னொரு பக்கம், உண்மையாகச் சேவை செய்த சின்ன மிஷன் ஆஸ்பத்திரிகள் ஆளில்லாமல் தேய்கின்றன. வெளிநாட்டுக் காசு நின்றுபோனது, இளம் டாக்டர்கள் நகரத்தை விட்டு வர மறுப்பது, கருவிகளின் விலை ஏறியது என்று காரணங்கள் பல. முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறது, அது நல்லது. ஆனால் கிராமத்து இருபது படுக்கை ஆஸ்பத்திரிக்கு அதனால் உயிர் வருவதில்லை.

கண்ணுக்கு அமைந்த கணக்கு மற்ற நோய்களுக்கு அமையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புரை அறுவை சில நிமிட வேலை. ஒருமுறை செய்தால் முடிந்தது. சிறுநீரகம் கெட்டவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், ஆயுள் முழுக்க. புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து. இருபது பேர் கட்டணத்தில் எண்பது பேரைத் தாங்கும் சூத்திரம் அங்கே முறிந்துவிடும். காரமடை ஒன்றியத்திலேயே பில்லூர், அத்திக்கடவுப் பக்கத்து இருளர் பதிகளில் இரவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால், யானை நடமாடும் பாதையில் வண்டி இறங்கி மேட்டுப்பாளையம் வர வேண்டும். திண்டிவனத்து இரவு அங்கே இன்னும் முழுதாக விடிந்துவிடவில்லை. அங்கே தேவை புதிய கட்டடம் இல்லை. தங்கி வேலை செய்யும் ஒரு டாக்டர், இரண்டு செவிலியர், ஓடுகிற வண்டி. ஐடா ஸ்கடர் நூறு ஆண்டுக்கும் முன்னால் சாலையோர மரத்தடியில் செய்ததுதான்.

கொங்கு நாட்டில் பக்திக்கும் குறைவில்லை, காசுக்கும் குறைவில்லை. கும்பாபிஷேகத்துக்கும் தேவாலயத் திருப்பணிக்கும் பள்ளிவாசல் மினாருக்கும் லட்சங்களைத் தருகிற கைகள் இங்கே ஏராளம். அவர்களிடம் கேட்கிறேன்: உங்கள் பெயரைக் கல்வெட்டில் பொறிக்காத ஒரு செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் தங்கும் ஒரு செவிலியரின் ஓராண்டுச் சம்பளம், ஒரு நடமாடும் மருத்துவ வண்டியின் டீசல், டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் பஸ் கட்டணம். எந்தச் சாமிக்காகச் செய்கிறீர்கள் என்பது உங்கள் விருப்பம்.

மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. "புரை இன்னும் முத்தலீங்க, முத்தட்டும்" என்று வீட்டுப் பெரியவர்களை உட்காரவைக்காதீர்கள். அது சோடாபுட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய அறுவைக்குப் புரை முற்ற வேண்டியதில்லை. முற்ற விட்டால் கண்ணழுத்தம் ஏறி நிரந்தரமாகப் பார்வை போகவும் வாய்ப்புண்டு. சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். அதில் வரும் கெடுதல் முதலில் வலிப்பதும் இல்லை, தெரிவதும் இல்லை. அடுத்த முகாம் போஸ்டரைப் பார்த்தால் தேதியைக் குறித்துக்கொண்டு, அப்புச்சியையும் ஆத்தாளையும் கூட்டிப் போங்கள். ஆதார் அட்டையையும், அவர்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.